ஐந்தாம் பாகத்து வாசல்

கரிசல்பேட்டை பஜாரில், பஞ்சுக் குடோனின் நீளச் சுவரில் ஏழு கதவுகள் முளைத்த கதையைச் சொல்வதென்றால் தனபாக்கியத்தின் வலது கையிலிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊரில் எல்லாமே அந்தக் கையிலிருந்துதான் தொடங்கின. காலையில் கடை திறந்தால் முதல் போணி அவள் கையால் ஆக வேண்டும், புது மாவு மிஷினில் முதல் பிடி தானியத்தை அவள் போட வேண்டும், கல்யாண வீட்டில் முதல் மஞ்சளை அவள் இடிக்க வேண்டும், தறி பூட்டினாலும் கிணறு தோண்டினாலும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் பாக்கியக்கா வந்து தொட்டுவிட்டுப் போக வேண்டும். அப்படி ஒரு கைராசி. அவள் தொட்டதெல்லாம் துலங்கியதாக ஊர் சொல்லிக்கொண்டது. துலங்காமல் போனவற்றை, அவள் தொடும்போது யாரோ தும்மியிருப்பார்கள் என்று தள்ளிவிட்டது.

இப்படிப்பட்ட கையை வெளியூருக்குக் கட்டிக்கொடுக்க எந்த ஊருக்குத்தான் மனசு வரும்? பெண் பார்க்க வந்தவர்களை ஊரே சேர்ந்து விரட்டியது. ஒரு மாப்பிள்ளையிடம் அவள் தூக்கத்தில் கடிப்பாள் என்று சொன்னார்கள். இன்னொரு மாப்பிள்ளையின் அம்மாவிடம், பொண்ணு தங்கம், ஆனால் அமாவாசைக்கு அமாவாசை உத்திரத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், இறக்குவதற்கு ஆள் வேண்டும் என்றார்கள். அந்தம்மாள் தாம்பூலத் தட்டைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிட்டாள். இதெல்லாம் தனபாக்கியத்துக்குத் தெரியும். நாற்பதைத் தாண்டிய பிறகு அவளுக்குக் கல்யாண ஆசை போய்விட்டது, ஆனால் வேறொரு எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. மஞ்சளை ஓர் இடி இடித்ததும் உலக்கையைப் பிடுங்கிக்கொண்டு, “அடுத்த வீட்ல காத்திருக்காக” என்று அவளைக் கிளப்பி விடுவார்கள். பூவில் முதல் முடிச்சுப் போட்டதும் நாரை வாங்கிக்கொள்வார்கள். தொட்டதற்கு அப்புறம் அந்தக் காரியம் எப்படி நடக்கிறது, எங்கே சிக்குகிறது, யார் கோபித்துக்கொள்கிறார்கள், எதுவுமே அவளுக்குத் தெரியாது. ஊரில் உள்ள அத்தனை கதைகளுக்கும் முதல் வரி மட்டும் தெரிந்த ஒருத்தியாக அவள் நடமாடினாள், அது அவளுக்குப் பிடிக்கவேயில்லை.

இது இப்படி இருக்க, ஜெபமணி நடத்திவந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு ஒரு விளையாட்டு வந்து சேர்ந்தது. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு அவர் சென்டரில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பட்டா விண்ணப்பம் போட வருகிற கிழவர்களையே நம்பிப் பிழைக்க முடியாது என்று, ‘வெண்கலக்கோட்டை’ என்ற அந்த விளையாட்டுக்கு நெட்டில் உறுப்பினர் ஆனார். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே கூடி, ஒருவர் மந்திரவாதியாகவும் ஒருவர் வில்லாளியாகவும் வேஷம் கட்டி, பூதத்தை அடித்துப் புதையலை எடுக்கிற விளையாட்டு. மத்தியான வெயிலில் வியாபாரம் படுத்துக்கிடக்கிற நேரத்தில் பஜார்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். பார்த்த அன்றைக்கே சண்டை தொடங்கிவிட்டது, ஏனென்றால் வெண்கலக்கோட்டை மொத்தம் ஏழு பாகம், எந்தப் பாகத்திலிருந்து தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.

அரிசி மண்டி குருவையா, ஊர் வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர், ஒன்றாம் பாகத்தை விட்டால் பேச்சே கிடையாது என்றார். “அஸ்திவாரம் போடாம மாடி கட்டுவீகளாவே? ஒண்ணுலருந்துதான் வரணும்.”

“ஒண்ணாம் பாகத்துல மனுசனுக்கு மூஞ்சியே கிடையாது அண்ணாச்சி, கட்டம் கட்டமா இருக்கு” என்றாள் ரெடிமேட் கடை மும்தாஜ். “புது ஸ்டாக் வந்திருக்கையிலே பழசை எதுக்குப் பிரிக்கணும்? ஏழுலதான் இப்ப கூட்டம். கூட்டம் இருக்க இடத்துலதான் கடை போடணும்.”

ஜெபமணி இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, கதை என்று பார்த்தால் மூன்றாம் பாகம்தான், ராணி சாகிற இடத்தில் கல்லும் கரையும் என்றார். நான்கில் சண்டை நன்றாயிருக்கும் என்றும், இரண்டில் படகு இருக்கிறது என்றும், ஆறு சின்னதுதான், சீக்கிரம் பழகலாம் என்றும் ஆளுக்கொரு கட்சி கட்டினார்கள். ஐந்தாம் பாகத்துக்கு மட்டும் கட்சியே இல்லை. அதைச் செய்துகொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்களாம், அரைகுறையாக அப்படியே நெட்டில் எறிந்திருக்கிறார்களாம், அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்று உலகம் பூராவும் எழுதி வைத்திருக்கிறார்களாம். சண்டை வாரக்கணக்கில் நீண்டது. குருவையாவும் மும்தாஜும் முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்தினார்கள். கடைசியில், எதற்கும் முடிவு தெரியாதபோது அந்த ஊர் என்ன செய்யுமோ அதையே செய்தது, பாக்கியக்காவைக் கூப்பிடுங்கள் என்றது.

கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மௌசுக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, அது உருண்டு போனதால் பக்கத்தில் வைத்து, சூடம் காட்டி முடித்ததும் தனபாக்கியம் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் ஏழு வாசல்கள் வரிசையாக இருந்தன. போணி பண்ணப் போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு, ஒரு கடையில் வாங்கிவிட்டுப் பக்கத்துக் கடையைத் தாண்டிப் போகக் கூடாது, போனால் அவன் மனசு நோகும், அந்த நோவு கையில் ஏறிவிடும். தனபாக்கியம் அந்த முறைப்படி ஏழையும், ஒன்றையும் விடாமல், வரிசையாக அமுக்கினாள். கம்ப்யூட்டர் விக்கித்து நின்றது. விடிந்து பார்த்தால் பஞ்சுக் குடோன் சுவரில், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களுக்கும் பைல்ஸ் வைத்தியர் விளம்பரத்துக்கும் நடுவே, ஏழு மரக்கதவுகள் பித்தளைக் குமிழ் போட்டு நின்றன.

யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. தெரு கூட்டுகிறவள் கதவுகளுக்கு முன்னாலும் கூட்டினாள். நகராட்சியிலிருந்து ஆள் வந்து கதவு எண் ஒட்டிவிட்டு, வீட்டு வரி யார் பெயருக்குப் போடுவது என்று விசாரித்துவிட்டுப் போனான். மத்தியானத்துக்குள் ஒரு மோர்ப் பந்தலும், சாயங்காலத்துக்குள் செருப்புப் பாதுகாக்கும் இடமும் வந்துவிட்டன. உள்ளே முதலில் போனது ஒரு வெள்ளாடு. போஸ்டர் பசையை நக்கிக்கொண்டே போய் இரண்டாம் கதவுக்குள் நுழைந்தது, சற்று நேரம் கழித்துக் கொம்பில் வெண்கலக் கவசத்தோடு, போகும்போது இல்லாத ஒரு மிடுக்கோடு வெளியே வந்தது. வந்த ஆடு மற்ற ஆறு கதவுகளையும் முட்டிப் பார்த்தது. அதற்கு அவை கதவாக இல்லை, வெறும் சுவராக இருந்தன. அதைப் பார்த்துத்தான் ஊர் விதியைப் புரிந்துகொண்டது: எதில் முதலில் கால் வைக்கிறோமோ அதுதான் நமக்கு, மற்றதெல்லாம் அதன்பிறகு சுண்ணாம்பும் செங்கல்லும்தான்.

அதற்கப்புறம் எங்கே தொடங்குவது என்கிற கேள்வி விளையாட்டாக இல்லை. ஜாதகம் பார்த்தார்கள், குலதெய்வத்தின் முன் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள், அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு பாகத்துக்குப் போய் வீட்டில் எல்லாமே இருக்கட்டும் என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள். குருவையா சொன்ன சொல் தவறாமல் ஒன்றாம் பாகத்துக்குப் போனார். அங்கே கட்ட மூஞ்சிக்காரன் ஒருவன் வரவேற்று, வீரரே, கிடங்கில் உள்ள எலிகளைக் கொன்று வாரும் என்றான். அரிசி மண்டிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆயுசு முழுவதும் எலியோடு மல்லுக்கட்டியவரை ஒரு எலி கொன்றதற்கு ஊதுகொம்பு ஊதிப் பாராட்டினால் எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவரை வீட்டில் பார்க்க முடியாமல் போயிற்று. மும்தாஜ் ஏழாம் பாகத்துக்குப் போய், அங்கே எல்லோரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள், ஸலாம் சொன்னால் பதில் சொல்ல ஆளில்லை என்று அலுத்துக்கொண்டாள், ஆனால் வரும்போதெல்லாம் ஜரிகை மேலாடைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து ‘ஏழாம் பாகம் மாடல்’ என்று கடை வாசலில் தொங்கவிட்டாள். ஜெபமணி மூன்றாம் பாகத்துக்குப் போய் ஒவ்வொரு தடவையும் ராணிக்காக அழுதுவிட்டு வந்தார். கல்யாணத் தரகர்கள் பையன் எந்தப் பாகம் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒன்றுக்கும் ஏழுக்கும் பொருந்தாது, இரண்டுக்கும் நான்குக்கும் உத்தமம், ஆறு என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டாகி, பழைய பொருத்தங்களோடு பதினொன்றாம் பொருத்தமாகச் சேர்ந்துவிட்டது.

ஐந்தாம் கதவை மட்டும் யாரும் திறக்கவில்லை. இன்னும் எந்தக் கதவிலும் நுழையாதவர்கள் அதன் குமிழில் மாடு கட்டினார்கள், கூடைகளைச் சாய்த்து வைத்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே தனபாக்கியம் சுவரோரம் நின்றாள். அவள் கைபட்டுத் திறந்தால்தான் போகிற இடத்தில் பூதம் அடங்கும் என்று ஊர் நம்பியதால், விடிந்ததும் கடைகளுக்குப் போணி, அது முடிந்ததும் இங்கே வந்து ஒவ்வொருவருக்கும் கதவைத் தள்ளிவிட வேண்டும், உள்ளே எட்டிப் பார்க்கக்கூட நேரம் தர மாட்டார்கள். போய்விட்டு வந்தவர்கள், “யக்கா, உள்ள போனேனா, ஒரு ஆறு ஓடுது, அதுல ஒரு முதலை...” என்று தொடங்குவார்கள். முதலை என்ன செய்தது என்று அவள் கேட்பதற்குள் அடுத்த ஆள் அவள் கையைப் பிடித்து இழுப்பான். அந்த மழைக்காலம் பூராவும் அவள் முதலைகளின் வாய் திறந்திருக்கும் இடம் வரைதான் கேட்டாள்.

ஒருநாள் கேட்டேவிட்டாள். “எல்லாரும் போயாச்சே, நான் எங்கருந்து தொடங்க?”

மோர்ப் பந்தலில் இருந்தவர்கள் மோரைக் கீழே வைத்தார்கள். “நீ எதுக்குக்கா போகணும்?” என்றாள் மும்தாஜ், நிஜமாகவே புரியாமல்.

“ஏன், எனக்குக் கால் இல்லையா?”

வியாபாரிகள் சங்கம் அவசரமாகக் கூடியது. பாக்கியக்கா உள்ளே போய்க் கைராசி அந்தப் பக்கமே தங்கிவிட்டால் யார் ஜவாப் சொல்வது என்று குருவையா கேட்டார். போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிற ஊர் இல்லை அது. தாராளமாகப் போகட்டும், தீபாவளி வியாபாரம் மட்டும் முடியட்டும் என்றார்கள். தீபாவளி முடிந்ததும் பொங்கல் வந்துவிட்டதே என்றார்கள். பொங்கல் முடிந்ததும் குருவையாவின் மகள் செந்தாமரைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. “எம்மவளுக்கு மஞ்சள் இடிச்சுக் குடுத்துட்டுப் போ தாயீ. நீ தொடாம எங்க வீட்ல ஒரு கல்யாணம் நடந்ததில்ல” என்றார் குருவையா, கண்ணில் தண்ணீரோடு. அந்தத் தண்ணீர் பொய்யில்லை, அதுதான் கொடுமை. அவருக்கு மகள் மேல் பாசம் உண்டு, தனபாக்கியத்தின் மேலும் உண்டு, கை மேல்தான் கொஞ்சம் கூடுதல். கூடவே ஆளுக்கொரு யோசனையும் சொன்னார்கள், போவதாக இருந்தால் ஒன்றுக்குப் போ, எலி நிறைய இருக்கிறது, ஏழுக்குப் போ, சேலை நன்றாயிருக்கும், மூன்றுக்குப் போ, அழுது தீர்த்துவிடலாம். எல்லோரும் தாங்கள் போன இடத்துக்கே அவளைக் கூப்பிட்டார்கள், அங்கேயும் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றால் நல்லதுதானே.

தனபாக்கியம் எல்லாவற்றுக்கும் சரி என்றாள். மறுநாள் உச்சி வெயிலில், பஜார் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, ஐந்தாம் கதவில் கட்டியிருந்த மாட்டை அவிழ்த்து விட்டாள். சாய்த்திருந்த கூடைகளைத் தள்ளி வைத்தாள்.

“யக்கா! அது குப்பைப் பாகம்!” என்று ஜெபமணி மூச்சிரைக்க ஓடிவந்தார். “பாதிதான் செஞ்சிருக்கானுக! உள்ள ஒண்ணும் முடியல!”

“பாதி செஞ்சிருக்கான்ல?” என்றாள் தனபாக்கியம். தன் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே ஒரு வாயிற்காவலன் இரண்டு கால் மட்டும் உள்ள நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மீசை ஒரு பக்கம்தான் வரைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பதறி எழுந்து, “வருக வீராங்கனையே! இந்நாட்டைச் சூழ்ந்த இருளை நீக்க நீ...” என்று முழங்கினான். அதோடு நின்றுவிட்டான்.

“நான்?”

“அம்புட்டுதான் தாயி எழுதிக் குடுத்தாக. மிச்சத்தை நாளைக்கித் தாரோம்னு போனாக.” அவன் கூச்சத்தோடு மீசை இல்லாத பக்கத்தை மறைத்துக்கொண்டான். “நீங்கதான் முதல் ஆளு. எங்கருந்து தொடங்கப் போறீக?”

அவள் சுற்றிலும் பார்த்தாள். ஓர் ஆறு ஓடிவந்து நடுவழியில், எங்கே போவது என்று தெரியாமல் வளையாமல் வழியாமல் நின்றது. அதன் மேல் ஒரு பாலம் இந்தக் கரையிலிருந்து புறப்பட்டு அந்தரத்தில் முடிந்தது. கிணற்றடியில் ஒருத்தி பாதிக் கயிற்றை இழுத்தபடி நின்றாள், ஒரு வீட்டில் கூரை ஒரு பக்கம், ஒரு மரம் பூ வரைக்கும்தான், காய் இல்லை, ஒரு பாட்டு முதல் அடியின் கடைசி எழுத்தில் தொங்கிக்கொண்டு. தொடங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் யாரோ தொட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தனபாக்கியத்துக்கு ஒரு சந்தோஷம் வந்தது, சின்னப் பிள்ளைகளுக்குத் தேர் கிளம்பும்போது வருமே, அது மாதிரி.

முதலில் கிணற்றுக்குப் போனாள். கயிற்றில் கை வைத்தாள், பழக்கதோஷத்தில் உடனே விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தாள்.

“எங்க போறீக?” என்றான் காவலன்.

“அடுத்த வீட்டுக்கு.”

“எந்த வீடு? யாரும் கூப்பிடலையே.”

உண்மைதான். யாரும் கூப்பிடவில்லை. அவள் திரும்பி வந்து கயிற்றைப் பிடித்தாள். முதல் இழுப்பு தெரியும், இரண்டாவது இழுப்பு எப்படி என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கயிறு வழுக்கியது, உள்ளங்கை எரிந்தது, குடம் கிணற்றுச் சுவரில் மோதிமோதி மேலே வந்தது. கிணற்றடிப் பெண் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்து, “எத்தனை வருசமா நிக்கேன், இடுப்பே போச்சு” என்று முணுமுணுத்துக்கொண்டு, நன்றிகூடச் சொல்லாமல் நடந்துபோனாள். தனபாக்கியம் அவள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு குடம் தண்ணீர் வீடு போய்ச் சேருவதை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாலத்துக்குப் போனாள்.

அங்கே கரிசல்பேட்டையில் மறுநாள் காலை கடைகள் திறந்தன, யாரும் விற்கவில்லை. போணிக்கு ஆளில்லையே. வியாபாரிகள் வாசலில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலையை ஏற்றிவிட்டு வந்த ஒருத்தி, புளி வேண்டும் என்று கத்தினாள், குடுக்கிறியா நானே எடுத்துக்கவா என்றாள். கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தான். அன்றைக்கு வியாபாரம் எப்போதும் போலத்தான் நடந்தது. மறுநாளும் அப்படியே. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது ஊருக்கு ரொம்ப அவமானமாக இருந்தது. அக்கா உள்ளே இருந்தபடியே கையை ஆட்டுகிறாள், அதனால்தான் நடக்கிறது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டுச் சமாளித்தார்கள்.

கடைகள் எப்படியோ போகட்டும், கல்யாணம் விளையாட்டில்லை. செந்தாமரைக்கு மஞ்சள் இடிக்கும் நாளன்று குருவையா மேளத்தோடும் தாம்பூலத்தோடும் சுவருக்கு வந்தார். பின்னாலேயே உரலையும் உலக்கையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு ஒன்றாம் கதவு மட்டும்தான் கதவு; ஐந்தாவது இருந்த இடத்தில் பைல்ஸ் வைத்தியர்தான் சிரித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சங்கத் தலைவர் அந்த வைத்தியரின் முகத்தில் வாயை வைத்து, “தனபாக்கியம்! தாயீ!” என்று கூப்பிட்டார். எதிர்ப்பக்கத்தில் மும்தாஜ் சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குள் போய்விட்டாள்.

பாலத்தின் நடுவே, தலையில் கல்லோடு நின்ற தனபாக்கியத்துக்கு அந்தக் குரல் கேட்டது. அவள் கையெல்லாம் கொப்புளம். போன வாரம் கட்டியது சரிந்துவிட்டது, காவலன் சாந்தில் தண்ணீரைக் கொட்டிக் கெடுத்து, இரண்டு பேரும் நாள் முழுவதும் பேசாமல் இருந்துவிட்டு இன்று காலைதான் சமாதானம் ஆகியிருந்தார்கள். அவள் கல்லை இறக்கி வைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“ஒரே ஒரு இடி, தாயி. கையை மட்டும் வெளிய நீட்டு. உலக்கையைக் கொண்டாந்திருக்கேன். அப்படியே இடிச்சிட்டு நீ பாட்டுக்கு உள்ள இரு, யாரு கேக்கா?”

கையை மட்டும் நீட்டு என்றதும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் செந்தாமரையின் வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் பிறந்தபோது முதல் சொட்டுத் தேனைத் தொட்டு வைத்தது இவள்தான். அதற்கப்புறம் அவள் எப்படி வளர்ந்தாள் என்று இவளுக்குத் தெரியாது. கோபம் பாதியாகக் குறைந்தது.

“நீங்களே இடிங்க அண்ணாச்சி.”

“நானா? என் கை... நான் தொட்டு ஏதாச்சும் கோணலாப் போச்சுன்னா?”

“போகத்தான் செய்யும்.”

மேளக்காரன் அடிப்பதை நிறுத்தினான். குருவையா சுவரில் சாய்ந்துகொண்டார். “என்ன தாயி இப்படிச் சொல்லுத? பிள்ளை கல்யாணம்.”

“கோணலாப் போனா நடுவுல நிமித்திக்கலாம்” என்றாள் தனபாக்கியம். அவள் குரலில் கேலி இருந்தது, அழுகையும் இருந்தது, இரண்டையும் மறைக்க அவள் மெனக்கெடவில்லை. “நடுவுன்னு ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. இம்புட்டு நாளா என்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே நீங்க. எவ்வளவு பெரிசா இருக்கு தெரியுமா!”

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ உரலை இழுத்து வைத்தார்கள். பிறகு உரலில் உலக்கை விழும் சத்தம், தடுமாறி, குறி தவறி, விளிம்பில் பட்டுக் கேட்டது. இன்னொன்று கேட்டது. மூன்றாவது இடி சரியாக விழுந்தது. தனபாக்கியம் அதையும், அதற்கு அடுத்ததையும், அதற்கும் அடுத்ததையும் நின்று கேட்டாள். மஞ்சள் பொடியாகி, யாரோ சல்லடை கேட்டு, சல்லடையை வீட்டிலேயே விட்டுவந்ததற்காகக் குருவையா யாரையோ திட்டுகிற வரைக்கும் கேட்டுவிட்டு, கல்லைத் தூக்கப் போனாள்.